கணினியின் உஷ்ணமும் வாங்குபவர் உரிமையும்

ஒரே கணினி, ஒரே அறை, ஒரே பகற்பொழுது; பிராசஸர் நூறு சதவீதம் வேலை செய்வதாக இரண்டு தடவையும் திரை ஒன்றுபோலவே காட்டுகிறது; ஆயினும், பெரியதொரு தரவுத்தொகுதியில் எதையோ தேடும்போது 65 டிகிரி செல்சியஸில் நிற்கக்கூடிய அதன் உஷ்ணம், ஒரு காணொளியைச் சுருக்கிச் சேமிக்கும்போது 95 டிகிரியைத் தொட்டுவிடக்கூடும். இந்த வேற்றுமையைக் கண்டு இயந்திரத்தில் ஏதோ கோளாறு புகுந்துவிட்டது என்று அஞ்சுவோரும், சர்வீஸ் கடைக்கு எடுத்துச் சென்று தெர்மல் பேஸ்ட்டை மாற்றி வருவோரும், மாற்றிய பின்னும் இறங்காத எண்ணைப் பார்த்து மனம் சோர்வோரும் நம்மிடையே பலர். அவர்களுடைய அச்சத்துக்குப் பெரும்பாலும் ஆதாரம் இல்லை என்பதும், அவர்களுக்கு உண்மையிலேயே இழைக்கப்படும் அநீதி வேறோர் இடத்தில் இருக்கிறது என்பதும் என் கருத்து. முதலாவதை விளக்காமல் இரண்டாவதை நிலைநாட்ட முடியாதாகையால், சற்றே விஞ்ஞானத்துக்குள் வாசகரை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

மின்சாரம் பாயும் கம்பி ஏன் சூடாகிறது, எவ்வளவு சூடாகிறது என்பதை 1840-களிலேயே ஜேம்ஸ் ஜூல் அளந்து சொல்லிவிட்டார். பிராசஸரும் அந்த விதிக்குள் அடங்கியதே. அது உட்கொள்ளும் மின்சக்தியில் ஏறக்குறைய ஒவ்வொரு வாட்டும் கடைசியில் உஷ்ணமாகவே வெளிவருகிறது. நாம் எழுதிய கடிதத்திலோ, கூட்டிய கணக்கிலோ அந்தச் சக்தி தங்கியிருப்பதில்லை. ஒரு பிட்டை அழிப்பதற்குக்கூட இயற்கை ஒரு குறைந்தபட்ச விலையை உஷ்ணமாகக் கேட்கிறது என்று 1961-ஆம் ஆண்டில் ஐபிஎம் ஆராய்ச்சியாளர் ரால்ஃப் லாண்டவர் நிறுவினார். ஆனால் அந்த விலை மிக மிக அற்பமானது. நம்முடைய இன்றைய சிப்புகள் அதைப்போலப் பல மடங்கு செலவிடுகின்றன. அந்தச் செலவு எங்கிருந்து வருகிறதென்றால், சிலிக்கான் சில்லுக்குள் கோடிக்கணக்கில் அமைந்த டிரான்சிஸ்டர்கள் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கும் ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கும் மாறும் ஒவ்வொரு தடவையும், அவற்றோடு இணைந்த நுண்ணிய கம்பிகளில் மின்னூட்டம் ஏறி இறங்குவதிலிருந்துதான் பெரும்பகுதி வருகிறது.

ஆகவே, சிப்பு எவ்வளவு சூடாகும் என்பதை நிர்ணயிக்கும் காரணங்கள் முக்கியமாக மூன்று: அதற்குக் கொடுக்கப்படும் வோல்டேஜ், அது விநாடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்னும் கிகாஹெர்ட்ஸ் வேகம், ஒவ்வொரு துடிப்பிலும் உண்மையாக நிலைமாறும் டிரான்சிஸ்டர்களின் தொகை. இவற்றுள் வோல்டேஜ் தன் வர்க்கத்தின் அளவில் வேலை செய்வது. அதை இருமடங்காக்கினால் சக்திச் செலவு நான்கு மடங்காகும். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும் என்பதால், உச்ச வேகத்தின் அருகே போகப்போக, சிறிதளவு வேகத்துக்குப் பெரிதளவு உஷ்ணத்தை விலையாகக் கொடுக்க நேரிடுகிறது. இந்த இரண்டையும் விளம்பரம் படிப்பவர்கூட ஒருவாறு அறிந்திருக்கிறார். மூன்றாவது காரணத்தைத்தான் ஒருவரும் அவருக்குச் சொல்வதில்லை. வேலைக்கு வேலை உஷ்ணம் வேறுபடுவதன் மர்மம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

திரையில் தெரியும் அந்த நூறு சதவீதம் எதை அளக்கிறது என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். பிராசஸரின் காலம் முழுவதும் ஏதாவது ஒரு பணிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, ஓய்வென்று ஒதுக்கப்படவில்லை என்பதே அதன் பொருள்; அந்தக் காலத்தில் அது எவ்வளவு உழைத்தது என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது. தறிக்குழியில் காலை முதல் அமர்ந்திருக்கும் நெசவாளிக்கு ஊடை நூல் வந்து சேராவிட்டால், வருகைப் பதிவேட்டில் அவருக்கு முழு நாளும் குறிக்கப்படும். துணியோ ஒரு முழமும் ஏறியிராது. பிராசஸரின் நிலையும் அதுவே. 4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்பு ஒரு நானோ விநாடிக்கு நான்கு தடவை துடிக்கிறது. ஆனால் தனக்குள்ளிருக்கும் கேச் நினைவகத்தில் இல்லாத ஒரு தகவலை வெளியே உள்ள ராம் நினைவகத்திலிருந்து கொண்டுவர, ஏறக்குறைய 80 முதல் 100 நானோ விநாடி வரை ஆகிறது. அதாவது ஒரே ஒரு தகவலுக்காக முந்நூறு, நானூறு துடிப்புகள் காத்திருக்க நேரிடுகிறது. காத்திருக்கும் வேளையில் வேறு ஆணைகளை முன்பின்னாக எடுத்துச் செய்யும் சாமர்த்தியம் இன்றைய சிப்புகளுக்கு உண்டென்றாலும், அந்தச் சாமர்த்தியத்துக்கும் எல்லை உண்டு. தரவுத்தொகுதியில் இங்குமங்கும் தாவித் தேடும் வேலையில் சிப்பின் கணக்கிடும் பகுதிகள் பெரும்பாலான நேரம் வெறுமனே இருக்கின்றன; நிலைமாறும் டிரான்சிஸ்டர்கள் குறைவு; ஆகவே உஷ்ணமும் குறைவு. திரையோ நூறு சதவீதம் என்கிறது.

இதற்கு நேர்மாறான வேலைகளும் உண்டு. ஒரே ஆணையில் பல எண்களைச் சேர்த்துப் பெருக்கிக் கூட்டும் ஏவிஎக்ஸ் என்னும் ஆணைத்தொகுதியை இன்டெல் நிறுவனத்தார் தம் சிப்புகளில் அமைத்திருக்கின்றனர். 2013-ஆம் ஆண்டின் ஹாஸ்வெல் சிப்புகளில் அது, 256 பிட் அகலத்தில் எட்டு எண்களை ஒரே ஆணையில் பெருக்கிக் கூட்டும் ஆற்றல் பெற்றது. பின்னர் வந்த 512 பிட் வகை பதினாறு எண்களை ஒருங்கே கையாள்கிறது. காணொளியைச் சுருக்குதல், விஞ்ஞானக் கணிதம் செய்தல், செயற்கை நுண்ணறிவு மாதிரியை ஓட்டுதல் ஆகிய வேலைகளில் இந்த அகன்ற பகுதிகள் ஓய்வின்றித் துடிக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய தகவல் அனைத்தும் கேச்சுக்குள்ளேயே அடங்கிவிட்டாலோ, காத்திருப்பு என்பதே இல்லாமற் போய், ஒவ்வொரு துடிப்பிலும் சிப்பு தன்னால் இயன்ற உச்ச அளவில் சக்தியைச் செலவிடுகிறது.

இதை ஐயமறக் காட்டும் உதாரணம் பிரைம்95 என்னும் நிரல். மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக 1996-ஆம் ஆண்டில் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய கூட்டுமுயற்சிக்காக எழுதப்பட்ட இந்த நிரல், தான் பிறந்த நோக்கத்தைக் காட்டிலும் கணினிகளைச் சோதிக்கும் கருவியாகவே அதிகப் பிரசித்தி அடைந்தது. அதில் ஒரே கணித முறையைச் சிறிய அளவிலும் பெரிய அளவிலும் நடத்திப் பார்க்கும் வசதி உண்டு. சிறிய அளவில் நடத்தினால் எண்கள் கேச்சுக்குள் அடங்கி, உஷ்ணம் சிகரத்துக்கு ஏறுகிறது. பெரிய அளவில் நடத்தினால் ராம் நினைவகத்துக்கும் வேலை பங்கிடப்பட்டு, பிராசஸரின் உஷ்ணம் சில டிகிரிகள் இறங்கிவிடுகிறது. சூத்திரம் ஒன்று, நிரல் ஒன்று, சிப்பும் ஒன்று. எண்கள் எங்கே தங்கியிருக்கின்றன என்னும் ஒரே வேறுபாடு உஷ்ணத்தை மாற்றிவிடுகிறது. உஷ்ணத்தைச் சோதிப்பதில் மட்டுமன்றிப் பிழை காண்பதிலும் இந்த நிரல் வல்லது: இன்டெல்லின் ஸ்கைலேக் சிப்புகள் கடினமான கணக்குகளின் நடுவே உறைந்து நின்றுவிடும் குறை, 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இந்தப் பகா எண் தேடுவோராலேயே வெளிப்பட்டது.

இன்னும் நுட்பமான உண்மையொன்று உண்டு. வேலையின் வகை மட்டுமல்ல, அந்த வேலையில் வரும் எண்களே உஷ்ணத்தை மாற்றுகின்றன. பூஜ்யங்களைப் பெருக்கும்போது நிலைமாறும் டிரான்சிஸ்டர்கள் குறைவு, தாறுமாறான எண்களைப் பெருக்கும்போது அதிகம். இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஹெர்ட்ஸ்பிளீட் என்ற பெயரில் ஓர் அபாயத்தை வெளியிட்டார்கள்: கையாளும் எண்களுக்கேற்ப சிப்பின் சக்திச் செலவு மாறுகிறது, செலவு மாறுவதற்கேற்ப வேகம் தானாகவே குறைந்து கூடுகிறது, அந்த வேக மாற்றத்தால் விடை வந்து சேரும் நேரத்தைத் தொலைவிலிருந்தே அளந்து, ரகசியக் குறியீட்டின் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதை அவர்கள் செய்தே காட்டினார்கள். தான் செய்யும் வேலையின் அடையாளத்தை ஒரு சிப்பு தன் சக்திச் செலவில் எவ்வளவு துல்லியமாக வெளியிட்டுவிடுகிறது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டுவதில்லை.

சாதாரண உபயோகத்தில் மிகுந்த மயக்கத்தை விளைவிக்கும் இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஓர் இணையப் பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் உஷ்ணம் இருபது டிகிரி துள்ளுகிறதே, ஃபேன் இரைந்து அடங்குகிறதே என்று வியப்போர் உளர். சிறு வேலை வரும்போது அதைச் சீக்கிரம் முடித்துவிட எண்ணி, சிப்பு தன் கணக்கிடும் மையங்களான கோர்களுள் ஒன்றை மட்டும் மிக உயர்ந்த வோல்டேஜில் உச்ச வேகத்துக்கு உந்துகிறது. மொத்தத்தில் செலவாகும் வாட்டுகள் சொற்பமே. ஆனால் அவை நகத்தளவும் இல்லாத ஓரிடத்தில் குவிகின்றன. சிலிக்கான் அத்தனை சிறியது, அத்தனை மெல்லியது என்பதால் சில மில்லி விநாடிகளுக்குள் சூடேறிவிடுகிறது. அதன் மேல் அமர்ந்திருக்கும் உலோக ஹீட்சிங்க் சூடேற நிமிஷங்கள் ஆகும். துள்ளியது சிலிக்கான், கணினி அன்று. சிப்புகள் தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டே வருவதால் இந்தக் குவிப்பு இன்னும் கூடுகிறது; ஏஎம்டி நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ரைசன் சிப்புகளில் எட்டு கோர்களும் ஏறக்குறைய 74 சதுர மில்லிமீட்டருக்குள் அடக்கப்பட்டிருந்தன. உஷ்ணத்தைக் காட்டும் எண்ணையும் எப்போதும் அப்படியே நம்பிவிடுவதற்கில்லை. அதே நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டுச் சிப்புகளுள் சில, ஃபேனைச் சுழற்றும் முறை எல்லாச் சிப்புகளுக்கும் ஒரே சீராக இருப்பதற்காக, உண்மை உஷ்ணத்தோடு 20 டிகிரியைக் கூட்டியே தெரிவித்துவந்தன.

இவ்வளவும் பௌதிகம். இனி, வணிகம்.

1974-ஆம் ஆண்டில் ராபர்ட் டெனார்ட் என்னும் விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும், டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும் அளவுக்கு அதன் வோல்டேஜையும் குறைத்துக்கொண்டே போனால், ஒரே பரப்பில் எத்தனை டிரான்சிஸ்டர்களை அடைத்தாலும் அந்தப் பரப்பின் உஷ்ணம் ஏறாது என்று காட்டினார்கள். அந்த வரத்தைக் கொண்டே தொழில் முப்பது ஆண்டுகள் வளர்ந்தது. ஆனால் வோல்டேஜை ஓர் அளவுக்குக் கீழே இறக்கினால், மூடியிருக்க வேண்டிய டிரான்சிஸ்டரின் வழியாகவே மின்சாரம் கசியத் தொடங்கியது; அந்தக் கசிவோ உஷ்ணம் ஏற ஏறத் தானும் ஏறுவது. இதே போக்கில் சென்றால் சிப்பின் பரப்பில் குவியும் சக்தி அணு உலையையும், ராக்கெட்டின் வாயையும், முடிவில் சூரியனின் மேற்பரப்பையும் எட்டிவிடும் என்று 2001-ஆம் ஆண்டில் இன்டெல்லின் பாட் கெல்சிங்கர் எச்சரித்தார். 2004-இல் அதே நிறுவனம் டெஜாஸ் என்னும் அடுத்த சிப்பின் திட்டத்தையும், 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியத்தை வெளியிடும் வாக்குறுதியையும் கைவிட்டது. அன்று முதல் ஒற்றைக் கோரின் வேகத்தை வளர்ப்பதற்குப் பதிலாகப் பல கோர்களைச் சேர்ப்பதும், 2008-க்குப் பின் வேலைக்கேற்ப வேகத்தைத் தானே ஏற்றி இறக்கிக்கொள்ளும் டர்போ முறையும் வழக்கத்துக்கு வந்தன.

இந்த டர்போ முறையே இன்றைய நிலைமையின் வேர். உஷ்ணத்துக்கு ஒரு வரம்பு விதித்து, அந்த வரம்பு வரையில் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓடும்படி சிப்பு கட்டளையிடப்பட்டிருக்கிறது. 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையைப் பற்றி, கடும் வேலையில் 95 டிகிரியில் ஓடுவது தம் வடிவமைப்பின்படியே என்று ஏஎம்டி நிறுவனத்தார் வெளிப்படையாகவே கூறினர். அப்படிக் கூறியது நேர்மையான செயல் என்பேன். ஆனால் அதன் விளைவை வாங்குபவர் உணர வேண்டும். உஷ்ணம் வரம்பில் போய் நின்றுவிட்ட பின், வேலையின் கனம் அதிகரித்தால் இனி மாறக்கூடியது வேகம் ஒன்றுதான். அதாவது, முன்பு உஷ்ணமானியில் தெரிந்த வேற்றுமை இப்போது கணினியின் திறனில் தெரிகிறது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் கிகாஹெர்ட்ஸோ, ஒற்றைக் கோர் சில நொடிகள் எட்டும் சிகர வேகம்.

நான் அநீதி என்று முதலில் குறித்தது இதையே. மடிக்கணினிகளில் பெருவாரியாக வந்த இன்டெல் ஐ7-1255யூ சிப்பின் அடிப்படைச் சக்தி 15 வாட். உச்ச சக்தி 55 வாட். இரண்டுக்கும் இடையே மூன்றரை மடங்குக்கும் அதிகமான தூரம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் மெல்லிய மடிக்கணினி அந்தத் தூரத்தில் 15-க்கு அருகில் நிற்கலாம். இன்னொரு நிறுவனத்தின் தடித்த மடிக்கணினி 30-க்கு அருகில் நிற்கலாம். இரண்டின் மேலும் ஒட்டப்படும் சிட்டையில் பிராசஸரின் பெயர் ஒன்றே. 2018-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் ப்ரோ ஐ9 சிப்போடு வெளிவந்தபோது, கனத்த காணொளி வேலையில் முந்தைய ஆண்டின் எளிய சிப்பைக் காட்டிலும் அது பின்தங்குவதாகக் காட்டப்பட்டு, உஷ்ணத்தை நிர்வகிக்கும் நிரலில் ஒரு பகுதி விடுபட்டுப்போனதாக ஒப்புக்கொண்டு அந்நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. அத்தனை விலை கொடுத்து வாங்குவோரே சோதித்துப் பார்த்தபின்தான் உண்மை தெரியவேண்டியிருந்தது என்றால், கல்விக்கடன் வாங்கி ஒரு மடிக்கணினி எடுக்கும் மாணவர் என்ன செய்வார்?

இத்தகைய தகவலைத் தர முடியாது என்பது உண்மையன்று. பெரிய நிறுவனங்கள் வாங்கும் சியான் சர்வர் சிப்புகளுக்கு, சாதாரண வேலையில் உத்தரவாதமுள்ள வேகம் ஒன்றும், ஏவிஎக்ஸ் வேலையில் உத்தரவாதமுள்ள, அதைவிடக் குறைந்த வேகம் ஒன்றுமாக இரண்டு எண்களை இன்டெல் 2014 முதலே தனித்தனியாக வரையறுத்தது. மொத்தமாக வாங்கும் பெருஞ்செல்வருக்குச் சொல்லும் உண்மையைச் சில்லறையாக வாங்கும் எளியவருக்கு மறைப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

குறைந்த உஷ்ணமே ஆரோக்கியத்தின் அடையாளம் என்னும் நம்பிக்கையையும் அண்மை அனுபவம் தகர்த்துவிட்டது. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சிப்புகள் பல நிலைகுலைந்தபோது, தேவைக்கு மிஞ்சிய வோல்டேஜ் காரணமென்று தெரியவந்தது. சிப்பு ஏறக்குறைய சும்மா இருக்கும் வேளையிலும், இலகுவான வேலைகளிலும்கூட அந்த மிகையான வோல்டேஜ் கோரப்பட்டது என்பதைப் பிற்பாடு அந்நிறுவனமே அறிவித்து, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. உஷ்ணமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்த ஆபத்து தெரிந்தே இராது.

இனி நம்முடைய சீதோஷ்ணத்துக்கு வருவோம். சிப்பின் உஷ்ணம் என்பது அறையின் உஷ்ணத்தின் மேல் ஏறி நிற்பது. 25 டிகிரி அறையில், 100 டிகிரி வரம்புள்ள சிப்புக்கு மூச்சுவிட 75 டிகிரி இடைவெளி இருக்கிறது. 40 டிகிரி அறையில் அது 60 ஆகச் சுருங்கிவிடுகிறது. அதே ஹீட்சிங்க், அதே ஃபேன், ஆனால் வெளியேற்றக்கூடிய வாட்டுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வேகம் அந்த அளவுக்குக் குறைவதில்லை என்பது உண்மையே. முன்பு சொன்ன வோல்டேஜ் விதியின் பயனாக இழப்பு பத்து சதவீதத்துக்குள் நின்றுவிடக்கூடும். ஆனால் மடிக்கணினியில் சிப்பின் வரம்பு மட்டுமன்றி, மடியிலும் கையிலும் படும் மேற்பரப்பு சுடக்கூடாது என்னும் வரம்பும் உண்டு. அந்த வரம்பு மனித உடலின் உஷ்ணத்துக்குச் சற்றே மேலே இருப்பதால், வேலூரிலோ கரூரிலோ மே மாதப் பகலில் அங்கே எஞ்சும் இடைவெளி வெகு சொற்பம். ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினிகளை 35 டிகிரி வரையிலான சூழலுக்கே உரியவை என்று குறிக்கிறது. குளிர்சாதனம் இல்லாத நம் வகுப்பறைகளும் வீடுகளும் கோடையில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகின்றன.

குளிர்சாதனப் பெட்டி விஷயத்தில் நம் நாடு விவேகத்தோடு நடந்திருக்கிறது. எரிசக்தித் திறன் பணியகம் ஏ.சி.களுக்கு நட்சத்திரம் வழங்கும்போது, வெளிநாட்டுச் சோதனைச்சாலையின் ஓர் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், 24 முதல் 43 டிகிரி வரை இந்தியப் பருவங்களில் நிலவும் உஷ்ண வரிசையைக் கணக்கில் எடுத்து அளவிடுகிறது. மடிக்கணினிகளுக்கோ, 2012-ஆம் ஆண்டின் ஆணையோடு தொடங்கிய கட்டாயப் பதிவு முறைப்படி இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கீழ் பாதுகாப்புப் பதிவு இருக்கிறது. தீப்பிடிக்காது, மின்சாரம் தாக்காது என்ற அளவில் அது நல்லதே. அந்தப் பதிவோடு, 40 டிகிரி அறையில் அரைமணி நேரம் ஓடிய பின் இந்த இயந்திரம் எத்தனை வாட்டில், எத்தனை கிகாஹெர்ட்ஸில் நிலைத்து நிற்கிறது என்னும் விவரத்தையும் சேர்த்து வெளியிடச் செய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை.

வேலைக்கு வேலை உஷ்ணம் மாறும்போது எந்த வேலையை அளவுகோலாகக் கொள்வது என்று உற்பத்தியாளர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரே எண் போதாது என்பதற்கே இத்தனை நேரம் காரணங்களைச் சொல்லிவந்தேனாகையால், மூன்று எண்கள் கொடுக்கட்டும்: ஒற்றைக் கோரில் ஓடும் இலகுவான வேலையில் ஒன்று, நினைவகத்தை நம்பி எல்லாக் கோர்களும் ஓடும் வேலையில் ஒன்று, அகன்ற கணித ஆணைகள் நிறைந்த கடும் வேலையில் ஒன்று. சோதனை செய்யும் நிரல்களைத் தர நிர்ணய அமைப்பே தேர்ந்தெடுத்து அறிவித்துவிட்டால், தமக்கு அனுகூலமான வேலையைப் பொறுக்கியெடுத்துக் காட்டும் வழி அடைபட்டுவிடும். இந்த அளவீடுகள் உற்பத்தியாளருக்குப் புதியவையும் அல்ல. ஃபேனின் அளவையும் ஹீட்சிங்கின் பருமனையும் தீர்மானிக்கையில் இவற்றை அறியாமல் அவர்களால் ஒரு மடிக்கணினியையும் வடிவமைத்திருக்க முடியாது.

மத்திய அரசு இதற்கென விதி வகுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கிவந்த தமிழக அரசு, இந்த ராஜ்யத்தின் மிகப் பெரிய மடிக்கணினி வாடிக்கையாளர்களுள் ஒன்று. அதன் டெண்டரில் எழுதப்படும் ஒவ்வொரு வரிக்கும் உலகப் பெரும் நிறுவனங்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும். பிராசஸரின் பெயரையும் தலைமுறையையும் ராம் அளவையும் கேட்கும் அந்தப் பட்டியலில், 40 டிகிரியில் அரைமணி நேரத்துக்குப் பின் இந்த மூன்று வேலைகளிலும் நிலைக்கும் வேகம் என்ன என்னும் வினாவையும் ஒரு கட்டாய நிபந்தனையாக அடுத்த கொள்முதலிலேயே சேர்த்து, ஏலத்தில் வென்றவர் கொடுத்த எண்களைப் பொதுமக்கள் பார்வைக்கும் வெளியிட வேண்டும்.